பழகாத கால்

கார் ஒரு முறை இருமியது, இரண்டு முறை குதித்தது, பிறகு காலி எண்ணெய் டிரம் ஒன்றின் மேல் டொம்மென்று முட்டி நின்றது.

"நான் மெதுவாத்தான் மிதிச்சேன்!" என்றாள் மனைவி.

"தெரியும், தெரியும்," என்றார் மிதிக்காரர்.

"முதல்ல மிதிச்சேன், போகவே மாட்டேன்னுது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், அப்பவும் போகல. அப்புறம் ஒரேயடியா பாயுதே! என் கால்ல ஏதாவது கோளாறா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. பழகாத கால், அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோளாறு காலில் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முந்தின நாள்தான் தன் கையாலேயே அதை அங்கே பூட்டியிருந்தார்.

மிதிக்காரர் என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். கார்களுக்கு மிதி செய்யும் தொழிற்சாலை அது. இருபத்திரண்டு வருடமாக பிரேக் மிதி, கிளட்ச் மிதி, ஆக்ஸிலேட்டர் மிதி என்று மனிதப் பாதங்களுக்கே வாழ்க்கையை அர்ப்பணித்தவர். அதிலும் கடைசி நான்கு வருடம் ஒரே ஒரு மிதியோடு கழிந்தது. வேகம் அளவுக்கு மீறினால் இந்த ஆக்ஸிலேட்டர் மிதி காலை மெல்ல எதிர்த்துத் தள்ளும். "போதும்ப்பா, கொஞ்சம் நிதானம்" என்று பாதத்திடம் பணிவாகச் சொல்லும். பணிவு வேண்டாம் என்பவர்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் சாதாரண மிதியாகிவிடும்.

கேட்க இவ்வளவுதான். ஆனால் எவ்வளவு தள்ளுவது, எந்த நொடியில் தள்ளுவது, தள்ளினால் கால் கோபித்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் கண்டுபிடிக்க நான்கு வருடம் பிடித்தது. அதற்குள் மகன் மீசை வளர்த்து, பள்ளி முடித்து, கல்லூரி விடுதிக்கே போய்விட்டான். வீட்டுக் கூடத்துக்கு மனைவி மஞ்சள் வண்ணம் அடித்து மூன்று மாதம் கழித்து, "இந்தச் சுவர் எப்பவுமே மஞ்சள்தானா?" என்று கேட்ட மனிதர் அவர். கெட்டவர் அல்ல. மிதியைத் தாண்டி அவர் கண் போகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளுக்கு முன்பு அவருடைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்த மேலாளர் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல இருக்கிறது எல்லாம் நம்ம டெஸ்ட் டிரைவருங்க கால். மிதி என்ன பண்ணாலும் சமாளிச்சுக்குவாங்க. எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாத கால் ஒண்ணு வேணும். பழகாத கால்."

"பழகாத காலுக்கு எங்க மேடம் போறது?"

"அது உங்க பாடு. மூணு வாரத்துல பிடிச்சுப் போட்டு சோதிச்சுட்டீங்கன்னா, அடுத்த மாசமே நீங்க வெளியூர்ல இருக்கிற நம்ம பெரிய தொழிற்சாலைக்குப் போய் உற்பத்தியை ஆரம்பிச்சுடலாம். ஆறு மாசம் அங்கேயே தங்க வேண்டியிருக்கும்."

அன்று மாலை செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆறு மாத விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை இரண்டு முறை மடித்தாள்.

"அப்போ போறதுக்குள்ள எனக்கு கார் ஓட்டக் கத்துக்குடுத்துட்டுப் போங்க," என்றாள். "தினமும் காலையில ஒரு மணி நேரம். அவசரம்னா நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்?"

மிதிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேடிய கால் வீட்டுக்குள்ளேயே, அதுவும் தானாக முன்வந்து நிற்கிறது! மறுநாளே மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, புதிய மிதியைத் தன் சொந்தக் காரில் பூட்டினார். முன்பக்கத்துச் சின்ன அலமாரிக்குள், கால் என்ன செய்கிறது என்று நொடிக்கு நொடி பதிந்துகொள்ளும் கருவி ஒன்றை வைத்தார். பொத்தானைத் தன் இருக்கையின் விளிம்பில் ஒளித்தார்.

மனைவியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் கால் உஷாராகிவிடும். உஷாரான கால் பழகாத கால் ஆகாது. இது விஞ்ஞானம், ஏமாற்று வேலை இல்லை என்று கண்ணாடி முன் நின்று தனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். இரண்டாவது முறையும் கண்ணாடி நம்பினதாகத் தெரியவில்லை.

இப்படித்தான் அவர்கள் தொழிற்சாலைக்குச் சொந்தமான, மூடிக்கிடந்த குடோன் வளாகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வளாகத்தில் நாலைந்து காலி டிரம்களும் ஒரு வாட்ச்மேனும் இருந்தார்கள். வளாகத்துக்காக வேக அளவை நடை வேகத்துக்குக் குறைத்திருந்ததால், முதல் நாள் மிதி சற்று பலமாகவே தள்ளிவிட்டது. அவள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இவர் பொத்தானை அமுக்க, எதிர்ப்பு சட்டென்று விலகி, கார் டிரம்மைத் தேடிப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே தள்ளும் பலத்தைப் பாதியாகக் குறைத்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

மறுநாள் காலை அவர் ஒவ்வொரு முறை சாய்ந்து உட்காரும்போதும் இருக்கை விளிம்பில் இருந்த பொத்தான் தானாக அமுங்கியது. மிதி தள்ளியது, விட்டது, தள்ளியது, விட்டது. கார் வளாகம் முழுக்க விக்கிக்கொண்டே போனது. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

"ஏன் சார், வண்டிக்குக் கொஞ்சம் தண்ணி குடுத்துப் பாக்கறதுதானே?" என்று கத்தினார்.

"என்னால ஆகாதுங்க," என்றாள் மனைவி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "நீங்க பக்கத்துல உட்கார்ந்தாலே எனக்கு வண்டி ஓட்ட வராமப் போயிடுது."

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. வீறிட்டு அழும் கைக்குழந்தையின் நூலளவு நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கை ஸ்டியரிங்கில் தந்தியடிப்பதைப் பார்க்க மிதிக்காரருக்கு என்னவோ போலிருந்தது.

மூன்றாம் நாள், பொத்தானுக்கு நீளமாக ஒரு வயர் இழுத்து, சட்டைக்குள் விட்டு, இடது பக்கப் பையில் போட்டுக்கொண்டார். இனி சாயலாம், நெளியலாம், ஒன்றும் ஆகாது.

கார் கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு டிரம் எதிரே வந்தது. பயந்துபோன மிதிக்காரர் பயந்த மனிதர்கள் செய்வதைச் செய்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பொத்தான் அமுங்கியது. மிதியின் எதிர்ப்பு விலகியது. கார் பாய்ந்தது. கார் பாய்ந்ததும் இன்னும் பயந்து இன்னும் பலமாக நெஞ்சைப் பிடித்தார். அடுத்தது என்ன நடந்தது என்று சொல்லவே வேண்டாம். இரண்டு டிரம்கள் உருண்டன. வாட்ச்மேன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நெஞ்சைப் பிடிக்கிறீங்களே! என்ன பண்ணுது? வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

"நாலு தடவை பிடிச்சீங்க. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

பையில் இருக்கும் பொத்தானைச் சொல்ல முடியாது. நெஞ்சுவலி என்றும் சொல்ல முடியாது. மென்று விழுங்கினார். மென்று விழுங்குவதையும் அவள் ஒரு நோய் அறிகுறியாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றில் உட்கார வைத்து, மூன்று குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"சர்க்கரை எல்லையில நிக்குது. கொழுப்பு எல்லையைத் தாண்டிடுச்சு. நாளையிலிருந்து டீயில சர்க்கரை கிடையாது. பிஸ்கட் டப்பா என் அலமாரிக்குப் போயிடுச்சு. காலையில கார் பழகினதும் வளாகத்தைச் சுத்தி நாலு ரவுண்டு நடக்கறோம், ரெண்டு பேரும்."

ஒரு மிதியை ஒளித்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று மிதிக்காரர் திருதிருவென்று விழித்தார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலைகள் அவருக்குப் பிடித்துப்போயின. டிரம்களை இடித்து முடித்ததும் இருவரும் இறங்கி நடப்பார்கள். பிளாஸ்கில் சர்க்கரை இல்லாத டீ இருக்கும். அவள் ஏதாவது கேட்பாள், இவர் சொல்லிக்கொண்டே வருவார். சின்ன வயதில் சைக்கிள் பழகும்போது பிரேக் பிடிக்கத் தெரியாமல், தெரு முடியும்வரை போய் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்த கதையைச் சொன்னபோது, அவள் நடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"இருபது வருஷத்துல இதை ஒரு தடவைகூட சொன்னதில்லையே!"

"நீ கேட்டதில்லையே."

"நீங்க வீட்ல இருந்தாத்தானே கேக்கறதுக்கு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்து முடித்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்த முகத்தை மிதிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோபாவில் சாய்ந்து வலது காலை நீட்டினாள்.

"மிதிச்சு மிதிச்சு விட்டுப் போச்சுங்க. பாதத்தைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மனுஷன் நீங்க. கொஞ்சம் அமுக்கி விடுங்களேன்."

அவர் தைலத்தை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். அந்தக் கால் தன்னால்தான் வலிக்கிறது என்ற நினைப்பு ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முறை வந்து போனது. "கொஞ்சம் கீழ," "இன்னும் கொஞ்சம் பலமா" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு உத்தரவு போட்டாள்.

தொழிற்சாலையில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கருவி பதிந்த வரைபடங்களைப் பார்த்து மேலாளர் அம்மா பூரித்துப் போனார்.

"அடேயப்பா! இப்படித் தத்தளிக்கிற காலை நான் பார்த்ததே இல்ல. எங்க பிடிச்சீங்க? ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மூணாம் நாளிலிருந்து, மிதி தள்றதுக்கு ஒரு நொடி முன்னாடியே கால் தானா மேல எழும்புது. நம்ம டிரைவருங்களுக்கு இது பிடிபடவே பத்து நாள் ஆச்சு."

"கெட்டிக்காரக் கால் மேடம்," என்று அசடு வழிந்தார் மிதிக்காரர்.

"மிதியைச் சரியாப் புரிஞ்சுக்குது. ஆனா வண்டியை மட்டும் கொண்டுபோய் இடிக்குது. விசித்திரமான கால்!"

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒரு காலை நாலாவது ரவுண்டு நடக்கும்போது மனைவி சொன்னாள்: "எனக்கு இந்த ஜென்மத்துல ஓட்ட வராது போலிருக்குங்க. பரவாயில்ல. நாளைக்கும் வருவோம்."

லேசாகத்தான் சொன்னாள். ஆனால் மிதிக்காரரின் நெஞ்சில், பொத்தானுக்கு நேர் பின்னால், சுருக்கென்று தைத்தது. ஊருக்கெல்லாம் நரம்பு கண்டுபிடிக்கிறவள், தன் காலையே நம்பாமல் போய்விட்டாளே! இன்னும் பத்து நாளில் இவர் கிளம்பிவிடுவார். அவசரத்துக்கு ஒரு காரை எடுக்க முடியாமல் அவள் தனியாக நிற்பாள். காரணம் இந்தப் பாழாய்ப்போன மிதி.

போதும் என்று முடிவு செய்தார். அன்றே மிதியின் எதிர்ப்பை அடியோடு நிறுத்தி, பொத்தானையும் வயரையும் பிடுங்கி வீசினார். நாளையிலிருந்து அது உலகத்திலுள்ள மற்ற மிதிகளைப் போல ஒரு சாதாரண மிதி. அவளும் மற்றவர்களைப் போல ஓட்டுவாள்.

மறுநாள் அவள் காரில் ஏறி, மிதியைத் தொட்டாள். ஒரு கணம் அவள் புருவம் உயர்ந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஓட்டினதைப் போல மோசமாக அந்த வளாகத்தில் யாரும் ஓட்டியிருக்க முடியாது. மீதியிருந்த டிரம்கள் அனைத்தும் விழுந்தன. ஒரு டிரம்மை இரண்டு முறை இடித்தாள், இரண்டாவது முறை அது ஏற்கெனவே படுத்துக்கிடந்தது. கடைசியில் வாட்ச்மேனின் காலி நாற்காலி போனது. நல்ல வேளையாக அவர் சில நாட்களாகவே அறைக்குள்ளிருந்துதான் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"நேத்திக்கே தேவலாம் போலிருக்கே," என்றாள் மனைவி. "இன்னும் ரெண்டு மாசமாவது பழகணும் போல."

மிதிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய மிதி இந்தக் காலைக் கெடுத்துவிட்டது. எதிர்த்துத் தள்ளும் மிதியோடு பழகிய கால், இனி எந்த வண்டிக்கும் உதவாது. இந்த மிதி கடைக்கு வந்தால் பழகாத கால் எத்தனை கெடும்!

மதியம் அலுவலக மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். 'இந்த மிதி புதிதாக ஓட்டக் கற்பவர்களின் காலைப் பாழாக்குகிறது. ஆகையால் இதைத் தயாரிக்கக் கூடாது என்று இதை வடிவமைத்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.' நான்கு வருடம் நான்கு வரியில் அடங்கிவிட்டது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அனுப்புமுன் கால்களைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் இந்தக் காலைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. லைசென்ஸ் ஆபீஸுக்குப் போன் செய்து, மனைவி பெயரைக் கொடுத்து, சனிக்கிழமை காலை டெஸ்டுக்கு நேரம் வாங்கினார். அவளிடம், "ஒரு இடத்துக்குப் போகணும், வா," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை அவரே ஓட்டினார். லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்துக்குள் கார் திரும்பியதும் மனைவியின் முகம் வெளிறியது.

"இங்க எதுக்கு? வேண்டாம். திருப்புங்க வண்டியை!"

"பயப்படாத. நான் இருக்கேன்ல."

"பயமெல்லாம் இல்ல. வேண்டாம்ங்க, வீட்டுக்குப் போயிடலாம். ப்ளீஸ்."

இவ்வளவு பயத்தை ஊட்டியவன் நான்தானே என்று நினைத்துக்கொண்டார் மிதிக்காரர். எட்டு போடும் கோட்டருகே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்தார். மூன்று வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"உன் கால்ல ஒண்ணும் இல்ல. தப்பு என் மேல. இந்த வண்டியில என் புது மிதியைப் பூட்டியிருந்தேன். உன்னை எதிர்த்துத் தள்ளினது அதுதான். பொத்தான் என் சட்டைப் பையில இருந்துது. எனக்கு நெஞ்சுவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னை ஒரு சோதனைக்கு வெச்சு, உன் காலையே கெடுத்துட்டேன். மன்னிச்சுடு."

அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள்.

"முதல் நாளே தெரியும்," என்றாள்.

"என்னது?"

"கீழயிருந்து ஏதோ தள்ளுதுன்னு காலுக்குத் தெரியாதா? நாலு வருஷமா நீங்க சாப்பிடும்போது அந்த மிதியைப் பத்தித்தானே பேசறீங்க. பையில வயர் தொங்கறதும் தெரியும்."

"அப்புறம் ஏன் ரத்தம் எடுத்தே?"

"அது எப்படியும் எடுக்க வேண்டியதுதான். ரெண்டு வருஷமா வாங்கன்னு கூப்பிடறேன், நேரமில்ல நேரமில்லன்னீங்க."

அவளே தொடர்ந்தாள், குரல் இறங்கியிருந்தது.

"தினமும் ஒரு மணி நேரம் நீங்க என் பக்கத்துல உட்கார்ந்தீங்க. போனைப் பார்க்கல. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. பையன் போனதிலிருந்து வீட்ல சுவத்தோட பேசிட்டிருந்தவ நான். அந்த ஒரு மணி நேரத்துக்காக மிதி என்ன, எது எதிர்த்துத் தள்ளினாலும் மிதிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன்."

மிதிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"நான் எங்கேயும் போகல. இந்த மிதியும் வேண்டாம், ஆறு மாசமும் வேண்டாம். உன் காலைக் கெடுத்தது எனக்கு எதுக்கு?"

அவள் படித்தாள். படித்ததும் பதறிப்போனாள்.

"ஐயையோ, இதை அனுப்பிடாதீங்க! நாலு வருஷ உழைப்புங்க! உங்க மிதி ரொம்ப நல்ல மிதி. சத்தியமா சொல்றேன். கெட்டதெல்லாம் மிதியால இல்ல... நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கறே. டெஸ்ட் எடுக்கறவர் உன் காலைப் பார்த்துச் சொல்லட்டும், கெட்டுப்போச்சா இல்லையான்னு."

"அவர் பார்க்க வேண்டாம்ங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

அதற்குள், கையில் அட்டையோடு லைசென்ஸ் ஆபீஸர் ஜன்னலருகே வந்து குனிந்தார். அட்டையிலிருந்த பெயரைப் பார்த்தார். உள்ளே எட்டி, மிதிக்காரரைத் தாண்டி அவர் மனைவியைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானது.

"போன வருஷம் என்கிட்ட முதல் தடவையிலேயே பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கினது இந்த அம்மா ஒருத்தங்கதானே, இவங்களுக்கு எதுக்கு சார் திரும்பவும் டெஸ்ட்டு?"